நாலு ரோஸ் புள்ளி

பை மடியிலேயே இருக்கட்டும் சார். மேல வைக்க வேணாம். காலுக்குக் கீழயும் வேணாம். நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, சரி. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். பஸ்ஸுல முன்னாடி ரெண்டு சீட்டு காலியாக் கிடக்கு, ஜன்னல் சீட்டு வேற. அதை விட்டுட்டு ஏன் என் பக்கத்துல வந்து உக்காந்தீங்க? வெயிலா? அந்தப் பக்கம் வெயில் அடிக்குதா? நியாயம்தான். மணப்பாறை தாண்டினா இந்தப் பக்கமும் அடிக்கும், பாத்துக்கங்க.

தப்பா எடுத்துக்காதீங்க. முப்பத்தோரு வருஷம் ரயில்ல டிக்கெட் பாத்தவன் நான். டி.டி.ஆர். தெய்வநாயகம்னா திருச்சி ஜங்ஷன்ல இன்னைக்கும் டீக்கடைக்காரன் எந்திரிச்சு நிப்பான். ஆளு பெட்டிக்குள்ள கால் வைக்கும்போதே சொல்லிருவேன், இவன்கிட்ட டிக்கெட் இருக்கு, இவன்கிட்ட இல்லன்னு. இல்லாதவன் தூங்குவான். இருக்கிறவன் கேக்கிறதுக்கு முன்னாடியே பாக்கெட்டுல கைய விடுவான். ரொம்பச் சிரிச்சுப் பேசுறவன் அடுத்தவன் டிக்கெட்டுல வர்றவன். நீங்க அவ்வளவாச் சிரிக்கலை. அதனாலதான் பேசுறேன்.

மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்னு நினைக்கிறீங்க. கனம் இருக்கு சார். கேமரா. ஃபிலிம் போடுற பழைய கேமரா, ஜெர்மன்காரன் பண்ணது. என்ன கம்பெனின்னு கேக்காதீங்க. பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா அது இன்னும் ஆபத்து.

எங்கிட்ட இந்த மாதிரி பதினேழு இருக்கு. கேமரா சேக்குறவன் ஊருக்குப் பத்துப் பேரு இருப்பான், கண்டதையும் வாங்கிப் பரண்ல போடுவான். நான் அப்படி இல்ல. மோட்டார் வச்ச ரேஞ்ச்ஃபைண்டர் மட்டும்தான். ரேஞ்ச்ஃபைண்டர்னா, சின்ன ஜன்னல் வழியாப் பாக்கணும். எதிர்ல நிக்கிற ஆளு ரெண்டாத் தெரிவாரு. ஒண்ணு நிஜம், ஒண்ணு வெளுத்துப்போன நிழலு. லென்ஸைத் திருகத் திருக அந்த நிழலு நகந்து வந்து ஆள் மேல உக்காரும். ரெண்டும் ஒண்ணாயிட்டா ஃபோகஸ் சரி. மோட்டார்னா, பட்டனை அமுக்கினதும் ஃபிலிம் தானா நகந்து அடுத்த படத்துக்குத் தயாராயிரும். சிலது பேட்டரி. இதுக்குப் பேட்டரி கிடையாது, கடிகாரம் மாதிரி சாவி. அடியில இருக்கிற குமிழை முறுக்கி விட்டா உள்ள ஸ்ப்ரிங் இறுகும். அப்புறம் அமுக்க அமுக்க, ஸ்ர்ரக், ஸ்ர்ரக், இருவது படம் ஓடும்.

எண்பத்தாறுல ராமேஸ்வரம் வண்டியில ஒரு வெள்ளைக்காரப் பையன். டிக்கெட்டுக்குக் கை நீட்டுறேன், ஸ்ர்ரக் ஸ்ர்ரக்குனு மூணு படம் எடுத்துட்டான் என்னை. லஞ்சம் புடிக்கிற விஜிலன்ஸ்ல இருந்து ஆள் அனுப்பியிருக்கான்னு நினைச்சேன். மானாமதுரை வரைக்கும் அவன் பக்கத்துலயே உக்காந்து துருவித் துருவிக் கேட்டேன். கடைசியில அவன் கேமராவைக் கையில குடுத்துப் பாருங்கன்னான். ஒரு தடவை அமுக்கிப் பாத்தேன் சார். அவ்வளவுதான், புடிச்சுக்கிச்சு.

அந்தா, மூணாவது சீட்டு, ஊதாச் சேலை. அது என் வீட்டுக்காரம்மா. சௌந்தரம். ஏன் அங்க தனியா உக்காந்திருக்கான்னு கேக்குறீங்க, சொல்றேன். நாங்க திண்டுக்கல்லுக்குத்தான் போறோம், பெலவேந்திரனைப் பாக்க. அவர் யாருன்னு சொன்னாத்தான் மத்தது புரியும்.

பெலவேந்திரன் காலேஜ்ல பிசிக்ஸ் லேப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. சம்சாரம் தவறிருச்சு. அப்ப திருச்சி மேலப்புதூர்ல தனி வீடு. எனக்கு எப்படிப் பழக்கம்னா, ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தையில ரெண்டு பேரும் ஒரே கேமராவுக்கு ஒரே நேரத்துல கை நீட்டினோம். அவரு உடனே கையை எடுத்துக்கிட்டாரு. "நீங்க எடுத்துக்கங்க சார்"னாரு. யோசிச்சுப் பாருங்க. கேமரா சேக்குறவன் எவனாவது விட்டுக் குடுப்பானா? இதுல ஏதோ கோளாறு இருக்கு, அதான் என் தலையில கட்டப் பாக்குறான்னு நான் வேணாம்னுட்டேன். அவரே வாங்கிட்டுப் போனாரு. அடுத்த வாரம் பாத்தா ஜம்முனு ஓடுது. அதை அப்படியே எங்கிட்ட நீட்டி, "இப்பவாவது எடுத்துக்கங்க, எனக்கு இது ஏற்கெனவே ஒண்ணு இருக்கு"ங்கிறாரு. அந்தக் கேமராதான் சார் இது. திருச்சி ஜில்லாவுலயே இந்த மாடல் ரெண்டே ரெண்டு. ஒண்ணு அவருது, ஒண்ணு என்னுது.

ஒம்பது வருஷம் பழகினோம். மாசத்துல முதல் ஞாயிறு அவரு எங்க வீட்டுக்கு வருவாரு. எல்லாக் கேமராவையும் எடுத்து ஓட விடுவோம். ஓடாம வச்சிருந்தா மோட்டார் இறுகிப்போகும். ஸ்ப்ரிங் கேமராவை மட்டும் முறுக்கின நிலையில வைக்கவே கூடாது, முழுசா ஓடி முடிஞ்சப்புறம்தான் பெட்டியில போடணும். இறுக்கமாவே வச்சிருந்தா ஒரு நாள் அறுந்துரும்பாரு. சௌந்தரத்துக்கு அவரு அண்ணன் முறை. "அண்ணே, காப்பிக்குச் சக்கரை போதுமா"ன்னு கேப்பா. எங்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. எனக்கு எவ்வளவு சக்கரைன்னு அவளுக்குத் தெரியும், அது வேற.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் ஆயுத பூஜை. எங்க வீட்டுல பூஜைக்குக் கேமராவைத்தான் வைக்கிறது. சந்தனம் பட்டா தோல் கெட்டுரும், அதனால ஒவ்வொண்ணு மேலயும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி அதுல பொட்டு வைப்பேன். அன்னைக்கு எதையும் தொடமாட்டோம். மறுநாள் விஜயதசமி காலையில ஒவ்வொண்ணா ஓட விடுவேன். பதினேழும் ஓடணும். ஒண்ணு நின்னாலும் அந்த வருஷம் விளங்காதுன்னு எனக்கு ஒரு இது.

பூஜைக்கு நாலு நாள் இருக்கு. நான் பென்ஷன் விஷயமாப் போயிட்டு வர்றேன், பெலவேந்திரன் வீட்டுல உக்காந்திருக்காரு. முதல் ஞாயிறும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏன் வந்தாரு? கையில என் ஜெர்மன் கேமரா. "டி.டி.ஆர். சார், இதுல பிம்பம் ரெண்டும் சரியா ஒட்டலை. குடுங்க, பூஜைக்குள்ள சரி பண்ணித் தர்றேன்"ங்கிறாரு. நான் வாங்கிப் பாத்தேன். எனக்கு நல்லாத்தான் ஒட்டுது. அவரு, "உங்களுக்குக் கண்ணு பழகிப்போச்சு சார்"ங்கிறாரு. சரி, முறுக்கி ஓட விட்டுப் பாப்போம்னு குமிழுல கை வைக்கிறேன், வெடுக்குனு புடுங்கிட்டாரு. "முறுக்காதீங்க, சரி பண்ற வரைக்கும் தொடக் கூடாது." எங்கப்பன் குதிருக்குள்ள இல்லங்கிற கதைதான். சௌந்தரம் அடுப்படியில நிக்கிறா, திரும்பவே இல்ல.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நான் "காப்பி குடிங்க"ன்னு அவரை உக்கார வச்சேன். கேமராவைத் துடைச்சுத் தர்றேன்னு எடுத்துக்கிட்டுக் குளியலறைக்குள்ள போய்த் தாப்பாள் போட்டேன். மக விட்டுட்டுப் போன ரோஸ் நகப்பாலிஷ் அங்க இருந்துச்சு. அடித்தகட்டுல நாலு ஸ்க்ரூ. ஒவ்வொண்ணுலயும், ஸ்க்ரூவும் தகடும் சேர்ற இடத்துல, கடுகுல பாதி ஒரு புள்ளி. கழட்டினா புள்ளி உடையும். ஊதிக் காய வச்சு, சிரிச்ச முகத்தோட கொண்டுவந்து குடுத்தேன்.

பூஜையன்னைக்குக் காலையில திருப்பிக் குடுத்தாரு. விஜயதசமிக்கு ஓடிச்சு. எப்படி ஓடிச்சுங்கிறீங்க! முன்னெல்லாம் பதினாறாவது படத்துல லேசா இருமும். இப்ப இருமல் இல்ல, கடைசி வரைக்கும் ஒரே சீர். நல்லா ஓடினா சந்தோஷப்படணும்தானே? நான் உடனே பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். நாலு புள்ளியும் உடைஞ்சிருக்கு. நல்லாக் கேளுங்க சார். பிம்பம் ஒட்ட வைக்கிற ஸ்க்ரூ இருக்கிறது மேல. அடித்தகட்டை எதுக்குக் கழட்டணும்? அடியில இருக்கிறது ஸ்ப்ரிங்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவரு தண்ணி எடுக்க உள்ள போன நேரத்துல அவரோட ஜெர்மன் கேமராவை எடுத்து முறுக்கினேன். குமிழு லொடலொடன்னு சுத்துது, பிடிமானமே இல்ல. செத்துக் கிடக்கு. அப்பவே எனக்குக் கணக்கு விளங்கிருச்சு. என் ஒரிஜினல் ஸ்ப்ரிங்கை உருவிட்டு எதோ டூப்ளிகேட்டை உள்ள வச்சுட்டான். உருவினதை எங்கயோ பத்திரமா வச்சுட்டு, நான் வந்து பாப்பேன்னு தெரிஞ்சு தன் கேமராவைச் செத்த மாதிரி வச்சிருக்கான். மூளைக்காரன்!

சிரிக்காதீங்க. அன்னைக்கு அது சரியாத்தான் பட்டுச்சு.

ஒரு மாசம் பொறுத்தேன். அவரு பேரனுக்கு ஞானஸ்நானம். மக, மருமகன், சம்பந்தி, கோயில்காரங்க, எல்லாரும் மேலப்புதூர் வீட்டுல. பிரியாணிப் பந்தி நடக்குது. நானும் சௌந்தரமும் போயிருந்தோம். யாரோ கேட்டாங்க, "நீங்கதான் சாரோட கேமரா சிநேகிதரா"ன்னு. எனக்கு வாய் சும்மா இருக்கலை. "சிநேகிதன்தான். உள்ள இருக்கிறதை உருவிட்டு வெளிக்கூட்டைத் திருப்பிக் குடுக்கிற சிநேகிதன்"னேன். பந்தியே நின்னுபோச்சு. பெலவேந்திரன் கையில தயிர்ப்பச்சடிப் பாத்திரம். அதைக் கீழ வச்சாரு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சௌந்தரத்தைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்துக் கும்பிட்டு, "தப்பு எம்மேலதான் சார். மன்னிச்சிருங்க"ன்னாரு.

ஒத்துக்கிட்டாரு சார்! நூறு பேர் முன்னாடி. எனக்கு வேற என்ன வேணும்? ஜெயிச்சுட்டேன்.

ஆனா அந்தப் பார்வை இருக்கே. ஏன் இவளைப் பாத்தான்? அது உள்ளயே கிடந்து அரிச்சுது. வீட்டுக்கு வந்து கேட்டேன். "அவன் ஏன் உன்னைப் பாத்தான்? உங்களுக்குள்ள என்ன?"ன்னு கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், மறைக்கலை உங்ககிட்ட. கேட்டது ஒரு கேள்வி. அவ வேட்டியை மடிச்சுக்கிட்டு இருந்தா, மடிச்சு முடிச்சு வச்சுட்டு உள்ள போயிட்டா. அன்னைலேர்ந்து பத்து மாசம் எங்கிட்ட அவ பேசினதெல்லாம் "சாப்பாடு வச்சிருக்கு", "பால்காரன் வந்தான்", அவ்வளவுதான். பெலவேந்திரன் அந்தக் கிறிஸ்துமஸுக்கே வீட்டைப் பூட்டிட்டு மகளோட திண்டுக்கல் போயிட்டாரு. முதல் ஞாயிறு வரும், நான் மட்டும் பதினேழையும் ஓட விடுவேன். வீட்டுக்குள்ள ஸ்ர்ரக் ஸ்ர்ரக்குனு அந்தச் சத்தம் ஒண்ணுதான். நல்லா இல்ல சார். அது நல்லாவே இல்ல.

இது வையம்பட்டிதானே? நேரம் இருக்கு.

போன வாரம் சென்னையில ஒரு மெக்கானிக்கிட்டக் கொண்டுபோனேன். டூப்ளிகேட் ஸ்ப்ரிங்கை எடுத்துட்டு வேற போட முடியுமான்னு கேக்கத்தான். அவன் பிரிச்சுப் பாத்துட்டு, "யாரு சொன்னா டூப்ளிகேட்னு? அசல் ஜெர்மன் ஸ்ப்ரிங். நல்லாப் பாத்துக்கிட்ட ஸ்ப்ரிங். ஆனா உங்க கேமராவோடது இல்ல"ன்னான். ஸ்ப்ரிங் இருக்கிற உருளை மேல ஊசியால கீறின நம்பரைக் காட்டினான். பெலவேந்திரன் பழக்கம் அது. எதைக் கழட்டினாலும் எங்கேர்ந்து வந்ததுன்னு கீறி வைப்பாரு, லேப்ல பழகினது. நான் டைரியை எடுத்துப் பாத்தேன். பெலவேந்திரனோட ஜெர்மன் கேமரா நம்பர். அவர்கிட்ட இருக்கிற அத்தனை கேமரா நம்பரும் என் டைரியில இருக்கு. எதுக்குன்னு கேக்காதீங்க. இருந்தது நல்லதாப் போச்சா இல்லையா?

அப்ப, தன் நல்ல ஸ்ப்ரிங்கை எடுத்து எனக்கு வச்சிருக்கான். தன்னுது செத்துப்போனாலும் பரவாயில்லன்னு. எதுக்கு? வண்டியில வர்றப்ப விருத்தாசலத்துலேர்ந்து யோசிக்கிறேன், என்ன உள்நோக்கம்னு புடிபடலை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம சௌந்தரத்துக்கிட்டச் சொன்னேன். "அந்தாளு தன்னுதை எனக்கு வச்சிருக்கான். இதுல என்னமோ இருக்கு."

அவ முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. தலையைத் தூக்காம சொன்னா. "நான்தான் உடைச்சேன்."

பூஜைக்குத் துடைக்கிறப்ப, ஓடுற சத்தம் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சாம். முப்பத்தஞ்சு வருஷத்துல துடைக்க விட்டதோட சரி, ஒரு தடவைகூட நான் அவளை ஓட்டிப் பாக்க விட்டதில்லையாம். முறுக்கியிருக்கா, எங்க நிறுத்தணும்னு தெரியலை. டொக்குனு ஒரு சத்தம். உடனே அண்ணனுக்குப் போன் பண்ணியிருக்கா. அவரு வந்து பாத்து, "அழாதம்மா. எங்கிட்ட இருக்கிற ஸ்ப்ரிங்கை வச்சுர்றேன். அவருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா உன்னைக் கேட்டே கொன்னுருவாரு"ன்னாராம்.

நான் கேட்டேன். "அப்பவே ஏண்டி சொல்லலை? சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?" நியாயமான கேள்விதானே சார்?

அதுக்கு அவ சொல்றா. கத்தலை, அழலை. கீரையை ஆஞ்சுக்கிட்டே சொல்றா. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்டுல நான் டிக்கெட் காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். கோயிலுக்குப் போனா ஏன் இவ்வளவு நேரம். போன் வந்தா யாரு. சிரிச்சா எதுக்குச் சிரிச்சே. எல்லா நாளும் டிக்கெட் வச்சிருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்கிட்ட இல்ல. அண்ணன் தன் டிக்கெட்டை எடுத்து எங்கையில குடுத்துட்டு அவரு இறங்கிட்டாரு. அவரைப் போயி நீங்க பந்தியில வச்சு..."

கேமராவைப் பத்திக் கேட்டா டிக்கெட்டைப் பத்திப் பேசுறா, பாருங்க. சம்பந்தம் இருக்கா?

இருக்குங்கிறீங்களா?

இன்னைக்கு விடியக்காலம் எந்திரிச்சுக் குளிச்சுட்டா. "நான் திண்டுக்கல் போறேன், அண்ணன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்"னா. நானும் கிளம்பினேன். இந்தக் கேமராவை அவருக்கே குடுத்துர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவரு ஸ்ப்ரிங், அவரே வச்சுக்கட்டும். ஊருக்கே கேக்கிற மாதிரி பேசினவன், நாலு பேர் இருக்கிறப்பவே மன்னிப்பும் கேட்டுருவேன். அதெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்ல.

ஆனா பஸ் ஸ்டாண்டுல தன் டிக்கெட்டைத் தானே எடுத்தா. தனியாப் போய் உக்காந்துட்டா. ஏன்னா... நேத்துச் சாயந்தரம் கேமராவைத் துடைச்சேனா, பக்கத்துல அந்த நகப்பாலிஷ் இருந்துச்சு. நான் வேணும்னு வைக்கலை சார். சத்தியமா. கை தானாப் போயிருச்சு. நாலு ஸ்க்ரூவுக்கும் வச்சுட்டேன். குடுத்துரப்போற சாமானுக்கு எதுக்குப் புள்ளி? எனக்கே தெரியலை. காலையில நான் கேமராவை இந்தப் பையில எடுத்து வைக்கிறப்ப அவ பாத்துட்டா. ரோஸ் கலரு பளிச்சுன்னு தெரியுமில்ல. அந்தப் புள்ளி எதுக்குன்னு அவளுக்குத் தெரியும். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

இன்னொண்ணு. அவ பையைத் திறந்து பாத்தேன். ஆமா, பாத்தேன். அஞ்சு சேலை சார். அரை நாள் வேலைக்கு எதுக்கு அஞ்சு சேலை? பிளட் பிரஷர் மாத்திரை ஒரு மாசத்துக்கு. அவ தங்கச்சி வீடு திண்டுக்கல்லுலயே நாகல் நகர்ல இருக்கு. சாயந்தரம் நான் ஒரு ஆளாத்தான் திரும்பணும் போலிருக்கு. முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் பொய்யைக் கண்டுபுடிச்சேன். இதைக் கண்டுபுடிச்சு என்ன பண்ண? எந்தக் கேள்வி கேட்டா அவ எங்கூட பஸ் ஏறுவான்னு எனக்குத் தெரியலையே. பயமா இருக்கு சார்.

வடமதுரை வந்துருச்சா? அப்ப இன்னும் அரை மணி நேரம்கூட இல்ல.

சார், உங்ககிட்ட சானிடைசர் ஏதாச்சும் இருக்கா? கையில தேச்சுக்கிறது. இருக்கா? குடுங்க. கைக்குட்டையும் குடுங்க, என்னுது அழுக்கு. இருங்க, கேமராவை எடுக்கிறேன். பஸ்ஸு ஆடுது, என்னால பிடிச்சுக்கிட்டே துடைக்க முடியாது. நீங்க பிடிங்க. ஆமா, நீங்கதான். ரெண்டு கையாலயும். மோதிரத்தைக் கழட்டிருங்க, தகட்டுல கீறல் விழும். கோவிச்சுக்காதீங்க, சொல்லணும்ல. கெட்டியாப் பிடிங்க.

வருது. ஒண்ணு போயிருச்சு. நகத்தால சுரண்டினாப் போயிரும், பாருங்க. ரெண்டு. மூணு.

நாலாவது... நாலாவது இருந்துட்டுப் போகட்டுமா? ஒரே ஒரு புள்ளி. யாருக்குத் தெரியப்போகுது.

என்ன சார் அங்க பாக்குறீங்க? சௌந்தரமா? திரும்பிப் பாக்குறாளா? எவ்வளவு நேரமாப் பாக்குறா?

சரி. சரி, துடைச்சுர்றேன்.

துடைச்சாச்சு. முழுசாப் போயிருச்சான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க சார். எனக்கு இப்பக் கண்ணு மறைக்குது, ஒண்ணும் தெரியலை. இல்ல, பூதக்கண்ணாடி வேணாம். நீங்க சொன்னாப் போதும்.